கப்பல் ஏட்டில் ஒரு பெயர்

உங்கள் தாத்தாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவருடைய தந்தையின் பெயரும் தெரிந்திருக்கலாம். அந்தத் தந்தைக்குத் தந்தை யார்? அவர் பிறந்த ஊர் எது? எத்தனை வயதில் ஊரை விட்டுப் பிழைக்கப் போனார்? நம்மில் பெரும்பாலோர் இவ்விடத்தில் திகைத்து நின்றுவிடுவோம்.

ஆனால், கடலுக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் பலர் இக்கேள்விகளுக்கு விடை கூறுகிறார்கள். நூறாண்டுகளுக்கு முன்பே கப்பலேறிய தம் முன்னோரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், கிராமம், உடலிலிருந்த தழும்பு ஆகியவற்றைக்கூட ஆவணத்திலிருந்து எடுத்துக் காட்டுகிறார்கள். ஊரிலேயே தங்கியவர்களைப் பற்றிக் கிடைக்காத செய்தி, ஊரை விட்டுப் போனவர்களைப் பற்றிக் கிடைப்பது எப்படி?

ஏடு பிறந்த கதை

ஆங்கிலேயரின் குடியேற்ற நாடுகளில் 1834-இல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் கிடைக்காமல் இந்தியாவை நாடினர். இவ்வாறு தோன்றியதே ஒப்பந்தக் கூலி முறை. 1860 நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டிரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலுக்கு முதன் முதலாக ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டு சென்ற கப்பல் இதுவே. அதன்பின் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் அங்குச் சென்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்கள்.

ஐந்தாண்டு ஒப்பந்தம், தொடக்கத்தில் மாதம் பத்து ஷில்லிங் கூலி, அதனுடன் உணவுப் படி. அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியே செல்ல முடியாது. இத்தகைய ஆட்களைத் தவறாமல் அடையாளங் காண வேண்டியிருந்தது. ஆகவே, கப்பல்தோறும் ஓர் ஏடு எழுதப்பட்டது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் அளிக்கப்பட்டது. எழுதியவர்கள் எவரும் வருங்காலப் பேரப்பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. ஆளைக் கட்டிவைக்க எழுதிய ஏடு, இன்று அந்த ஆளின் வழித்தோன்றல்களுக்குக் கிடைத்த சொத்தாகிவிட்டது.

எண்ணே திறவுகோல்

இவ்வேட்டில் முனுசாமி என்று தேடினால் எத்தனையோ முனுசாமிகள் வருவார்கள். ஆகவே, ஆராய்வோர் முதலில் தேடுவது பெயரை அன்று, எண்ணையே. திருமணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, இறப்புப் பதிவு போன்ற தாள்களில் அவ்வெண் தொடர்ந்து வரும். வீட்டுப் பெட்டியிலுள்ள ஒரு பழைய சான்றிதழில் எண் கிடைத்துவிட்டால், கப்பலின் பெயரும் ஆண்டும் ஊரும் கிடைத்துவிடும்.

ஆனால், கிடைத்ததை அப்படியே நம்பிவிடக் கூடாது. எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் எழுதினார். ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்து; தகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே எழுத்து. கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலியார் 'மூட்லி' ஆனார். 'வாண்டிவாஷ்' என்பது நம் வந்தவாசி. ஏட்டில் வட ஆர்க்காடு மாவட்டம் என்றிருக்கும். அம்மாவட்டமோ 1989-இல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. வயதும் பெரும்பாலும் மதிப்பீடே. 20, 25, 30 என்று முழு எண்ணாக இருந்தால் 'ஏறத்தாழ' என்று சேர்த்தே படிக்க வேண்டும்.

மொரீஷியஸ் தீவில் ஒரு படி மேலே சென்று, வந்தவர்களின் புகைப்படங்களையும் எடுத்து வைத்தனர். அந்நாட்டு ஆவணங்கள் மோக்கா என்னுமிடத்திலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. கொள்ளுப்பாட்டியின் முகத்தை முதன் முதலாக அங்கே காண்பவர்கள் உண்டு.

ஏடு சொல்லாதது

ஏடு 'எங்கிருந்து' என்று சொல்லும். 'ஏன்' என்று சொல்லாது. அதைக் குடும்பக் கதைதான் சொல்ல வேண்டும். "மிளகாய்ச் செடியைப் பிடுங்கினால் அடியில் தங்கம் இருக்கும் என்று ஆசை காட்டி அழைத்து வந்தார்களாம்" என்னும் கதை நேட்டால் குடும்பங்களில் வழங்கி வருகிறது. ஏட்டிலோ விருப்பத்துடன் வந்ததாகவே பதிவாகியிருக்கும். எது உண்மை? கதையில் தங்கத்தைத் தேடாமல், ஏமாற்றத்தைத் தேட வேண்டும். கப்பலேறிய ஆண்டு 1877 என்றிருந்தால் இன்னொரு விடையும் கிடைக்கும். அப்போது தமிழ்நாட்டில் தாது வருடப் பஞ்சம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. நம் பெரியவர்கள் ஆங்கில ஆண்டைச் சொல்வதில்லை. 'தாது வருடம்' என்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை மீண்டும் வரும். 1876-இல் பிறந்ததும் தாதுதான், 1936-இல் பிறந்ததும் தாதுதான். எந்தத் தாது என்று கண்டறிய, அவருடைய மூத்த பிள்ளையின் வயதைக் கேட்டுப் பாருங்கள்.

நம் வீட்டு ஏடுகள்

கப்பலேறாத குடும்பங்களுக்கு ஏடே இல்லையா? உண்டு, நாம் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒரு கிரயப் பத்திரத்தில் வாங்கியவர், விற்றவர் பெயர்களுடன் அவர்களுடைய தந்தையரின் பெயர்களும் இருக்கும். மொய் நோட்டில் உறவினர் யார், எந்த ஊரார் என்பது தெரியும். குலதெய்வக் கோயில் வேறு ஊரில் இருந்தால், குடும்பம் முன்பு அங்கே வாழ்ந்திருக்கக்கூடும். பள்ளிச் சான்றிதழிலுள்ள பிறந்த நாளை மட்டும் ஐயத்துடன் பாருங்கள். அது பள்ளியில் சேர்த்தபோது ஆசிரியரே குறித்த நாளாகவும் இருக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டிலேயே மூத்தவரிடம் போய் உட்காருங்கள். "நம் வீட்டிலிருந்து யாராவது கப்பலேறிப் போனார்களா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். சொன்னவர் யார், எந்நாளில் சொன்னார் என்பதையும் கீழே குறியுங்கள். தாள்கள் இன்னும் சில காலம் பெட்டியில் காத்திருக்கும். மனிதர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

ஏனெனில், டர்பனிலோ மொரீஷியஸிலோ உள்ள ஏடு பாதிக் கதைதான். அதிலுள்ள ஊர்ப் பெயரைக் கையில் எழுதிக்கொண்டு அங்கிருந்து பேரப்பிள்ளைகள் நம் ஊர்களுக்கு வருகிறார்கள். "இந்தப் பெயரில் யாராவது இருந்தார்களா?" என்று கேட்கிறார்கள். போனவரைப் பற்றிய குறிப்பு அவர்களிடம் இருக்கிறது. அவர் விட்டுச்சென்ற தாய், தமக்கை, தம்பி யார் என்பதற்கான விடை நம்மிடம் இருக்க வேண்டும். உங்கள் ஊருக்கு அப்படி ஒருவர் வந்தால், எடுத்துக் காட்ட ஒரு நோட்டுப் புத்தகமாவது உங்களிடம் இருக்கட்டும்.