நடுவில் முறியும் எழுத்து

மெல்லிய எழுத்து ஒன்று, தடித்த எழுத்து ஒன்று. இரண்டை மட்டும் வரைந்து கொடுத்தால், இடைப்பட்ட பருமன்களைக் கணிப்பொறியே கணக்கிட்டுத் தந்துவிடும். 1991-இல் அடோபி நிறுவனம் ‘மல்டிபிள் மாஸ்டர்’ என்ற பெயரில் அறிமுகப்படுத்திய வித்தை இது. 2016-இல் வார்சா நகரில் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாப்ட் நான்கும் சேர்ந்து இதற்குப் புத்துயிர் கொடுத்தன.

எழுத்துரு வரையும் நண்பர் ஒருவர் திரையில் காட்டினார். இரு கோடியிலும் எழுத்து லட்சணமாகத்தான் நின்றது. நடுவே கொண்டுவந்தாரோ இல்லையோ, பிழிந்த துணிபோல் முறுக்கிக்கொண்டது! காரணம் இதுதான்: கோட்டுருவின் புள்ளிகள் இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே வரிசையில் இருக்கவேண்டும். தொடக்கப் புள்ளி ஒன்று இடம் மாறினாலும், அத்தனை புள்ளிகளும் தப்பான ஜோடியைத் தேடிப் போய்விடும்.

“ஆகவே நான் முதலில் நடுவைத்தான் பார்ப்பேன்” என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. நாவல்கள் கெடுவதும் அங்கேதானே?