கேப்டவுன் போனால் இந்த ஸியாரத்தையும் பாருங்கள்



விடுமுறைக்குத் தென்னாபிரிக்கா போகிறவர்கள் கேப்டவுனில் மேசை மலை ஏறுகிறார்கள். போ-காப்பின் வண்ண வீடுகளுக்கு முன்னால் படமெடுக்கிறார்கள். நகருக்கு வெளியே, மக்காசர் என்ற இடத்தில் ஷெய்க் யூசுப் அவர்களின் ஸியாரம் இருக்கிறது. அந்த வரலாற்றில் எமது இலங்கைக்கும் பங்குண்டு.

அவர்கள் 1626இல் இன்றைய இந்தோனேசியாவில் பிறந்த ஆலிம். பந்தன் சுல்தானோடு சேர்ந்து ஒல்லாந்தரை எதிர்த்தார்கள். 1683இல் பிடிபட்டு, 1684இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார்கள்.

ஊரை விட்டுத் தூரமாக்கினால் குரல் அடங்கிவிடும் என்று ஒல்லாந்தர் நினைத்தனர். அடங்கவில்லை. இங்கிருந்தே கிதாபுகள் எழுதினார்கள். ஹஜ் பயணத்தில் நமது துறைமுகங்களில் தங்கிய ஹாஜிகள், அவர்களின் கடிதங்களையும் கிதாபுகளையும் ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அச்சம் கொண்ட ஒல்லாந்தர், அவர்களைக் குடும்பத்தார், சீடர்களுடன் ஆபிரிக்காவின் தென்கோடிக்கு அனுப்பினர். அங்கும் நகரில் வைக்காமல், ஒதுக்குப்புறப் பண்ணையொன்றில் குடியமர்த்தினர். அந்தப் பண்ணையைச் சுற்றி ஒரு முஸ்லிம் சமூகம் உருவானது. 1699இல் அங்கேயே வபாத்தானார்கள். பிற்காலத்தில் அவர்களின் சொந்த ஊர்ப் பெயரே அந்த இடத்துக்கு வழங்கலாயிற்று.

2005இல் தென்னாபிரிக்க அரசு அவர்களுக்கு உயர் தேசிய விருது வழங்கிக் கௌரவித்தது. நாமோ, ஒல்லாந்தர் காலம் என்றால் கோட்டைகள், கால்வாய்கள், உரோமன் டச்சுச் சட்டம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஏறக்குறைய பத்து வருடங்கள் நம் மண்ணில் வாழ்ந்த இந்த ஆலிமைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இனியாவது சொல்வோம்.