மண்டல விரதமும் ஆயுள் விரதமும்

உடல்பருமனுக்கு இன்று அதிகம் செய்யப்படும் ஆபரேஷன்கள் இரண்டு. இரைப்பையில் ஏறக்குறைய எண்பது சதவீதத்தை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை ஒல்லியான குழாயாக்குவது ஸ்லீவ். இரைப்பையின் மேல்முனையில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைப்பது கேஸ்ட்ரிக் பைபாஸ். இதயத்துக்குச் செய்யும் பைபாஸ் வேறு. எதில் எத்தனை கிலோ குறையும், எதில் சர்க்கரை கட்டுக்குள் வரும் என்றுதான் இரண்டையும் ஒப்பிடுவார்கள். பீடியோ சிகரெட்டோ பிடிப்பவருக்கு இந்த ஒப்பீடு போதாது. புகை எந்த ஆபரேஷனில் எந்த இடத்தை, எத்தனை காலத்துக்குத் தாக்கும் என்பதை வைத்தும் இரண்டையும் அவர் எடைபோட்டாக வேண்டும்.

செராமிக் பட்டறைகள் உள்ள விருத்தாசலம் போன்ற ஊரில் இதற்கு அழுத்தம் கூடுதல். பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் பொடியாகச் சேரும். அந்தச் சிலிக்காத் தூசு ஆண்டுக்கணக்கில் நுரையீரலில் படிந்தால் விழும் வடு ஆறாது. தூசு பிழைப்போடு வருவது. வேலையை விட்டால்தான் அதை விட முடியும். புகை அப்படியில்லை. அதனால் செராமிக் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் எடைக்காக ஆபரேஷனுக்குப் போகிறார் என்றால், அவர் நுரையீரலின் சுமையில் அவரே இறக்கி வைக்கக்கூடிய பங்கு புகைதான்.

ஆபரேஷனுக்கு முன்: இரண்டுக்கும் ஒரே கணக்கு

மேசையில் படுக்கும்வரை ஸ்லீவுக்கும் பைபாஸுக்கும் வித்தியாசம் இல்லை. இரண்டும் பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி; வயிற்றுக்குள் கார்பன் டை ஆக்சைடு வாயுவை ஊதி இடம் உண்டாக்கித்தான் செய்வார்கள். பருமனான உடலில் வயிற்றுக் கொழுப்பு ஏற்கெனவே உதரவிதானத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வாயுவும் சேர்ந்து தள்ளும்போது நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதில் சளி கட்டியிருந்தால் மயக்கமருந்து தெளியும் நேரத்திலும் அடுத்த சில நாட்களிலும் நிமோனியா வரை போகலாம்.

அமெரிக்க நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்களும் உடல்பருமன் அறுவை மருத்துவர்களும் சேர்ந்து 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், புகையிலையை முடிந்தால் ஓராண்டு முன்பே விடச் சொல்கிறது. மிகக் குறைந்தது ஆறு வாரம். எந்த ஆபரேஷனாக இருந்தாலும் நான்கு வாரம் முன்பே விட்டால் சிக்கல் குறையும், அதற்குமேல் புகையில்லாத ஒவ்வொரு வாரமும் பலன் கூட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது. காரணம் எளிது. ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடிக்கும் கார்பன் மோனாக்சைடு ஒரு நாளில் பெருமளவு வெளியேறிவிடும். நிக்கோட்டின் சுருக்கி வைத்த நுண்குழாய்கள் இளகி, மூச்சுக்குழாய் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் வழக்கத்துக்குத் திரும்ப வாரங்கள் ஆகும்.

ஆறு வாரம் என்றால் 42 நாள். சபரிமலைக்கு மாலை போடுபவரின் மண்டலக் கணக்கும் அதை ஒட்டியே வருகிறது. பல வருடப் புகைக்காரர்கள்கூட மாலை போட்டிருக்கும் நாட்களில் பீடியைத் தொடாமல் இருப்பதை ஒவ்வொரு கார்த்திகையிலும் பார்க்கிறோம். ஆக, விட முடியாது என்பதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாள் என்ன நடக்கிறது என்பதுதான் சிக்கல். இரண்டு ஆபரேஷன்களும் பிரிவது அங்கேதான்.

ஆபரேஷனுக்குப் பின்: ஸ்லீவ்

ஸ்லீவில் குடலோடு எந்த இணைப்பும் கிடையாது. இருப்பது குழாயின் நீளத்துக்கு ஓடும் ஸ்டேப்பிள் கோடு. கீழே இரைப்பையின் வாசல் அப்படியே இருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் அதிகம். கசிவு வந்தால் பெரும்பாலும் மேல்முனையில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்குப் பக்கத்தில், முதல் சில வாரங்களில் வரும். அபூர்வம்தான், வந்துவிட்டால் மாதக்கணக்கில் படுக்கை. ஆறுவதற்கு ரத்தம் வேண்டும். நிக்கோட்டின் அந்த ரத்தத்தைத்தான் குறைக்கிறது. ஆகவே ஸ்லீவுக்குப் போகிறவருக்கு முன்னும் பின்னுமான அந்த வாரங்கள் உயிர் விஷயம்.

அந்தக் கோடு ஆறிய பின் புகை தாக்குவதற்குக் குடல் இணைப்பு ஏதும் இல்லை. ஆனால் ஸ்லீவுக்கே உரிய குறை நெஞ்செரிச்சல். உணவுக்குழாயின் அடிவாசலைத் தளர்த்துவது புகையின் குணம். இரண்டும் சேர்ந்தால் அமிலம் மேலே ஏறும், உணவுக்குழாய் கெடும்.

ஆபரேஷனுக்குப் பின்: பைபாஸ்

பைபாஸில் இரைப்பைப் பையும் சிறுகுடலும் சேரும் இணைப்பு வாழ்நாள் முழுக்க இருக்கும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்போர்வை உண்டு. அதை அடுத்த முன்சிறுகுடலில் கணையநீர் வந்து அமிலத்தைத் தணிக்கும். பைபாஸில் இணைக்கப்படும் குடல்பகுதிக்கு இரண்டு பாதுகாப்பும் இல்லை. பையிலிருந்து இறங்கும் கொஞ்ச அமிலமும் நேராக அதன்மேல் விழுகிறது. ரத்த ஓட்டம் நன்றாக இருந்தால் சமாளித்துக்கொள்ளும். புகை அந்த ஓட்டத்தைக் குறைத்தால் இணைப்பில் புண் வரும். முதல் மாதத்திலும் வரலாம், பல வருடம் கழித்தும் வரலாம். ரத்தம் கசியலாம், ஓட்டை விழுந்து நள்ளிரவில் அவசர ஆபரேஷனில் முடியலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை கொடுப்பார்கள். புகை தொடர்ந்தால் புண் ஆற மறுக்கும். இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் ஒற்றை இணைப்பு 'மினி' பைபாஸுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

இந்தப் புண்ணுக்கு இன்னொரு கூட்டாளி வலி மாத்திரை. சூளை வேலையோ வயல் வேலையோ, சாயங்காலம் உடம்பு வலிக்கிறது என்று மெடிக்கலில் சொன்னால் சீட்டில்லாமலே கைக்கு வரும் டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் அதே இணைப்பைத்தான் அரிக்கும். பைபாஸ் செய்தவர் பீடியை விட்டால் மட்டும் போதாது, உடம்புவலிக்கு மெடிக்கல் கவுண்டரில் மாத்திரை கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

புகை பறிக்கும் தேர்வு

சர்க்கரை நோய் முற்றியவருக்கும், நெஞ்செரிச்சல் ஏற்கெனவே கடுமையாக உள்ளவருக்கும் பொதுவாகப் பைபாஸே பொருத்தம். அவர் புகையை நிரந்தரமாக விடுவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் அறுவை மருத்துவர் பைபாஸுக்குத் தயங்குவார். ஸ்லீவுக்குத் திருப்பினால் நெஞ்செரிச்சல் வலுக்கும். நோய் கேட்பது ஒன்று, பழக்கம் அனுமதிப்பது வேறொன்று என்று ஆகிவிடுகிறது. மண்டல விரதம் இருப்பவருக்கு ஸ்லீவின் வாசல் திறக்கலாம். பைபாஸ் கேட்பது ஆயுள் விரதம். எதற்கு அவர் தயார் என்பதே அவருக்கு எந்த ஆபரேஷன் என்பதையும் பாதி தீர்மானிக்கிறது.

புகையை விட்டால் எடை ஏறுமே என்ற பயம் உண்மையில்லாததல்ல. விட்ட முதல் ஆண்டில் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறுகிறது. ஆனால் 120 கிலோ உள்ளவருக்கு இந்த ஆபரேஷன்கள் குறைப்பது முப்பது கிலோவுக்கு மேல். அந்த நான்கைந்துக்குப் பயந்து இந்த முப்பதைப் புண்ணோடு வாங்குவது நஷ்டக் கணக்கு.

சிகரெட்டை விட்டு ஹான்ஸ் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறினாலும் கணக்கு தீராது. நிக்கோட்டின் உடலில் உடைந்து கொட்டினின் ஆகிறது; சிறுநீரில் அதைப் பார்த்தே பல மருத்துவமனைகள் ஆபரேஷன் தேதி கொடுக்கின்றன. புகையிலையை மென்றாலும் கொட்டினின் காட்டும், நிக்கோட்டின் சூயிங்கம்மும் காட்டும். சூயிங்கம் புகையைவிட எவ்வளவோ மேல். ஆனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெல்ல வேண்டும். பீடிதானே என்ற சமாதானமும் நிற்காது. பீடியில் புகையிலை குறைவென்றாலும் அதன் புகையில் நிக்கோட்டினும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிட அதிகம்.

விடுவதற்குக் கைகொடுக்க 1800-11-2356 என்ற தேசிய இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து புகையிலைப் பாக்கெட்டுகள்மேலேயே அச்சாகி வருகிறது. டீக்கடையில் சில்லறையாக ஒன்றிரண்டு வாங்கிப் பற்றவைப்பவர் கண்ணில்தான் அது படுவதில்லை.

விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில் ஏறிச் சென்னை மருத்துவமனைக்குப் போகும் புகைக்காரர், எத்தனை கிலோ குறையும் என்ற கேள்விக்கு முன்னால் வேறொன்றைக் கேட்க வேண்டும்: 'அஞ்சு வருஷம் கழிச்சு நான் மறுபடி பிடிச்சா, நீங்க செய்யப்போற ஆபரேஷன்ல எந்த இடம் கெட்டுப்போகும்?' அதற்கு வரும் பதிலைக் கேட்டுவிட்டு ஸ்லீவா பைபாஸா என்று முடிவு செய்வதே முறை.