கொழும்பு நமக்கு எவ்வளவு தூரம்?

1/ மக்களே, ஒரு சின்னக் கேள்வி. இருக்கன்குடிக்கு சென்னை பக்கமா, கொழும்பு பக்கமா?

நேர்கோட்டில் அளந்து பாருங்க. சென்னை சுமார் 480 கி.மீ. கொழும்பு சுமார் 340 தான்! மதுரையில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு.

2/ நம்ம கொள்ளுத்தாத்தா காலத்தில்?

1876-ல் மதுரை–தூத்துக்குடி ரயில்பாதை வந்தது. பக்கத்தில் இருக்கிற சாத்தூர் அந்தப் பாதையில்தான் இருக்கு. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு 'போட் மெயில்' ரயில் சுமார் 22 மணி நேரம். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலில் ஒரு முழு நாள்.

3/ 1914-ல் பாம்பன் பாலம் திறந்தாங்க. ரயில் தனுஷ்கோடி வரை போச்சு. அங்கிருந்து தலைமன்னாருக்கு 35 கி.மீ. கடல்தான். அக்கரையில் மறுபடி ரயில். கடல் பயணம் ஒரு நாளிலிருந்து சில மணி நேரமா சுருங்கிடுச்சு.

4/ ஆனா எல்லாருக்கும் பயணம் சுருங்கலை.

பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து 'கண்டிச் சீமை'க்குப் போன தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு நடுவில் ஒரு நிறுத்தம் இருந்துச்சு: மண்டபம் முகாம். காலரா, பிளேக், பெரியம்மை பயம். அங்கே சில நாட்கள் தனிமைப்படுத்தி, அம்மைத் தடுப்பூசி போட்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்துத்தான் கப்பல் ஏத்துனாங்க.

5/ டாக்டரா சொல்றேன், தனிமைப்படுத்தினதில் தப்பில்லை. கிருமி உடம்புக்குள்ள போய் நோய் வெளியே தெரிய சில நாள் ஆகும். நம்ம ஊர் மாரியம்மன்கிட்ட எந்த அம்மைக்காக வேண்டிக்கிட்டாங்களோ, அதுக்குத்தான் அங்கே ஊசி.

அதனால 35 கி.மீ. கடலைத் தாண்ட, கடலில் போற நேரத்தை விட கரையில் காத்திருந்த நேரமே அதிகம்.

6/ அடுத்தது இன்னும் பெரிய காத்திருப்பு. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்கள் ஆனாங்க. 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம்: 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மீதி 1,50,000 பேர் விஷயம் 'அப்புறம் பார்க்கலாம்'.

ரெண்டே மாசத்தில், டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழிச்சிடுச்சு.

7/ பிறகு ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினவங்களை வரவேற்றது எது தெரியுமா? அதே மண்டபம் முகாம்! தாத்தா போன வழியிலேயே, அந்த ஊரைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைங்க 'தாயகம் திரும்பியோர்'னு வந்தாங்க.

8/ தூரத்தை கிலோமீட்டர் மட்டும் முடிவு பண்றதில்லை. கையில் என்ன காகிதம் இருக்குங்கிறதும் சேர்ந்துதான் முடிவு பண்ணுது.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட இன்னைக்கே கேளுங்க: "நம்ம குடும்பத்தில் கண்டிக்குப் போனவங்க யாரு? திரும்பி வந்தாங்களா?" பேரையும் வருஷத்தையும் எழுதி வைங்க. அந்தத் தலைமுறை போயிட்டா, கேட்க ஆள் இருக்காது.