கார் டெயில் லைட்டுக்குள் தண்ணீரா? புது லைட் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

ராத்திரி முழுக்க மழை. காலையில் காரை எடுக்கப் போனால், பின்பக்க டெயில் லைட்டுக்குள் மீன்தொட்டி மாதிரி தண்ணீர் நிற்கிறது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "மொத்த லைட்டையும் மாத்திடலாம் சார்" என்பதுதான். ஆனால் பல கார்களில் கோளாறு லைட்டில் இருப்பதில்லை. லைட்டின் பின்னால் இருக்கும் ஒரு ரப்பர் வளையத்திலோ, இறுகிப்போன ஒரு ஃபோம் பட்டையிலோதான் இருக்கும். அதை வீட்டிலேயே சரிசெய்யலாம். தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது என்று தெரியாமல் மட்டும் எதையும் ஒட்டக் கூடாது.

இதைப் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்ற அளவில் விட்டுவிட முடியாது. நீங்கள் பிரேக் பிடிப்பதை, பின்னால் வரும் லாரிக்காரருக்குச் சொல்வது அந்தச் சிவப்பு விளக்குதான். தண்ணீர் புகுந்த லைட் கைவிடுவதும் பெரும்பாலும் மழை நேரத்தில், அதாவது பின்னால் வருபவருக்குப் பார்வை குறைவாக இருக்கும் நேரத்தில்தான். பின்பக்கச் சிவப்பு விளக்கு தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்கின்றன 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்.

ஆவியா, தண்ணீரா?

முதலில் பயப்பட வேண்டாத விஷயம் ஒன்று. டெயில் லைட் என்பது முழுக்க மூடிய டப்பா இல்லை. பல்ப் எரியும்போது உள்ளே காற்று சூடாகி விரியும், அணைத்ததும் சுருங்கும். அந்தக் காற்று போய்வரவே பின்பக்கம் சின்னதாக மூச்சுத் துவாரங்கள் வைத்திருப்பார்கள். அதனால் மழை நாளிலோ, அதிகாலைக் குளிரிலோ கண்ணாடியின் உள்பக்கம் லேசாகப் பனி படர்வது இயல்பு. லைட்டைப் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டினாலோ, வெயிலில் நிறுத்தினாலோ அது மறைந்துவிடும். எல்இடி லைட் பழைய பல்பைவிடக் குறைவாகத்தான் சூடாகும். அதில் ஆவி காய இன்னும் நேரம் பிடிக்கும்.

ஆனால் சொட்டுச் சொட்டாகத் துளிகள் வழிந்தாலோ, அடியில் தண்ணீர் தேங்கினாலோ, ஒரு நாள் வெயிலுக்குப் பிறகும் பனி மறையாவிட்டாலோ அது கசிவு. ஒரு பக்க இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் பல்ப் ஒன்று போயிருக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் மங்கலாக எரிந்தால் எர்த் கனெக்‌ஷனில் துரு ஏறத் தொடங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

தண்ணீர் எப்படி உள்ளே போகுது?

"மழைத் தண்ணி தானா உள்ளே போயிடுமா?" என்று கேட்டால், பாதி நேரம் லைட்டே அதை உறிஞ்சிக்கொள்கிறது என்பதுதான் பதில். வெயிலில் ஓடிவந்த காரின் லைட் சூடாக இருக்கும். திடீரென மழை பெய்தாலோ, வாட்டர் வாஷில் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சினாலோ உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அப்போது எங்கே மயிரிழை இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாகத் தண்ணீர் இழுக்கப்படும். ஹை பிரஷர் குழாயை லைட்டின் ஓரத்துக்கு நேராகப் பிடிப்பது ஏன் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

அந்த இடைவெளி வழக்கமாக நாலு இடங்களில் இருக்கும். பார்க்கிங்கில் லேசாக இடித்ததில் சிவப்பு பிளாஸ்டிக்கில் விழுந்த கீறல். சிவப்பு மேல்பகுதியும் கறுப்புப் பின்பகுதியும் சேரும் விளிம்பு. பல்ப் ஹோல்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். கடைசியாக, லைட்டுக்கும் கார் பாடிக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட்.

கேஸ்கெட் போனால் சிக்கல் வேறு மாதிரி. தண்ணீர் லைட்டுக்குள் நிற்காமல் பாடியின் உள்ளே இறங்கி, டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் போய்த் தேங்கும். லைட் பார்க்க நன்றாகவே இருக்கும். டிக்கியில் ஈர வாடை அடித்தால் மேட்டைத் தூக்கி ஸ்டெப்னிக்கு அடியில் கைவைத்துப் பாருங்கள்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது எப்படி?

சாவியை எடுத்துவிட்டு லைட்டைக் கழற்றுங்கள். பல ஹேட்ச்பேக் கார்களில் டிக்கிக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்க்ரூக்கள் தெரியும். அவற்றைக் கழற்றி லைட்டை நேராகப் பின்னோக்கி இழுத்தால் வந்துவிடும். பல செடான் கார்களில் டிக்கியின் உள்பக்க விரிப்பை விலக்கினால் நட்டுகள் இருக்கும். வயர் கப்ளரின் பூட்டை அழுத்திக் கழற்ற வேண்டும். வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

இங்கேதான் பலரும் அவசரப்பட்டுத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுவார்கள். கொட்டாதீர்கள். பல்ப் ஹோல்டர்கள் அதனதன் இடத்தில் இருக்கும்போதே லைட்டை எல்லாப் பக்கமும் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் தண்ணீர் எங்கே துளிர்க்கிறதோ, அந்த வழியாகத்தான் அது உள்ளே வந்திருக்க வாய்ப்பு அதிகம். மூச்சுத் துவாரத்தில் வழிந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

அதில் பிடிபடவில்லை என்றால், சாதாரண பல்ப் லைட்டுக்கு இன்னொரு வழி. பல்புகளை எடுத்துவிட்டு, ஒரு துவாரத்தைத் தவிர மற்றதையெல்லாம் டேப் ஒட்டி மூடுங்கள். விளிம்பிலும் கீறல் மேலும் சோப்புத் தண்ணீரைத் தடவி, திறந்த துவாரத்தில் வாய்வைத்து மெதுவாக ஊதினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பது மாதிரிதான். உள்ளே சர்க்யூட் போர்டு உள்ள எல்இடி லைட்டில் இந்த வேலை வேண்டாம்.

காய வைக்காமல் ஒட்டக் கூடாது

ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் கசிவை நாமே பூட்டி வைத்தது போல ஆகிவிடும். பல்புகளைக் கழற்றி, துவாரம் கீழே பார்க்க வெயிலில் வையுங்கள். நல்ல வெயில் என்றால் ஒரு நாள் போதும். மழைக்காலத்தில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளிப் பிடிக்கலாம். பெயின்ட் உரிக்கப் பயன்படும் ஹீட் கன் வேண்டவே வேண்டாம். அதன் சூடு சில நூறு டிகிரி வரை போகும். பல டெயில் லைட்டுகள் அக்ரிலிக் பிளாஸ்டிக். அது சுமார் 100 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். வீடியோக்களில் காட்டுவது போல ஓவனில் வைத்துப் பிரிக்கும் முயற்சியும் டெயில் லைட்டுக்குச் சரிவராது. பசை போட்டு ஒட்டிய ஹெட்லைட்டுகள் அப்படிப் பிரிந்து வரலாம். டெயில் லைட்டின் விளிம்பு பெரும்பாலும் உருக்கி இணைக்கப்பட்டிருக்கும். பிரித்தால் உடையத்தான் செய்யும்.

எதற்கு எதை ஒட்டுவது?

பல்ப் ஹோல்டர் ரப்பர் தட்டையாகிப் போயிருந்தால் ஒட்டவே வேண்டாம், புது ரப்பரோ புது ஹோல்டரோ போடுங்கள். முழு லைட்டோடு ஒப்பிட்டால் செலவு மிகக் குறைவு. ஹோல்டரின் முனைகளில் பச்சை படிந்திருந்தால் நைசான உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கேஸ்கெட் இறுகியிருந்தாலும் புதிதாக மாற்றுவதுதான் நல்லது. திரும்ப மாட்டும்போது நட்டை ரொம்ப முறுக்கினால் பிளாஸ்டிக் வெடித்து, இல்லாத ஓட்டை ஒன்று புதிதாக உருவாகும்.

விளிம்பில் கசிந்தால் சிலிகான் சீலன்ட். கடையில் 'நியூட்ரல் க்யூர்' என்று கேட்டு வாங்குங்கள். வினிகர் வாடை அடிக்கும் சாதா சிலிகான் காயும்போது அமிலத்தை வெளிவிடும், அது உள்ளே இருக்கும் செம்பு முனைகளை அரிக்கும். பழைய அழுக்கை சோப்புத் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய கோடாக ஓட்டி விரலால் அழுத்திவிடுங்கள். பெட்ரோல், தின்னர் போட்டுத் துடைத்தால் அக்ரிலிக்கில் சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விழும். ஒட்டிய பிறகு 24 மணி நேரம் தண்ணீர் படக் கூடாது. மூச்சுத் துவாரத்தைத் தவறியும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் உள்ளே உள்ள காற்று புதுப் பூச்சையே தள்ளிப் பார்க்கும்.

கீறலுக்கு, நிறமில்லாத எபாக்சி பசை சரியாக வரும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை காய்ந்ததும் சுற்றிலும் வெள்ளையாகப் படியும், அக்ரிலிக்கையும் பாதிக்கலாம். எம்-சீல் கறுப்புப் பின்பகுதிக்குப் பரவாயில்லை. சிவப்புப் பகுதியில் போட்டால் வெளிச்சத்தை மறைக்கும். கீறல் விரல் நீளத்தைத் தாண்டினாலோ, ஒரு துண்டு பெயர்ந்திருந்தாலோ பசை வேலை அடுத்த மழை வரைக்கும்தான். அப்போது மாற்றுவதே சரி.

"அடியில ஒரு ஓட்டை போட்டுட்டா தண்ணி தானா வடிஞ்சிடும்" என்பது நம்ம ஊரில் பிரபலமான யோசனை. தண்ணீர் வடியும் என்பது உண்மைதான். ஆனால் அது உள்ளே வரும் வழி அப்படியே இருக்கும், கூடவே தூசியும் சக்கரம் வாரியிறைக்கும் சேற்றுத் தண்ணீரும் வர இன்னொரு வழி கிடைக்கும். கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு மங்கி, லைட் எரிந்தும் வெளிச்சம் வராது.

எப்போது கை வைக்கக் கூடாது?

வாரன்டி முடியாத கார் என்றால் முதலில் சர்வீஸ் சென்டர். நீங்களே சிலிகான் பூசிய லைட்டை வாரன்டியில் மாற்றிக் கேட்பது கஷ்டம். இடித்ததால் உடைந்த லைட்டுக்கு இன்சூரன்ஸ் க்ளெய்ம் போடும் முன்பு, அதனால் போகும் நோ க்ளெய்ம் போனஸ் எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள். அந்தத் தள்ளுபடி 20 முதல் 50 சதவீதம் வரை இருக்கும். வெள்ளத்தில் மூழ்கிய காரில் லைட்டை மட்டும் காயவைத்துப் பயனில்லை. வயரிங் முழுவதையும் எலெக்ட்ரீஷியன் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

வேலை முடிந்ததும் லைட்டை மாட்டி, எரிகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பக்கெட் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து உள்பக்கத்தையும் ஸ்டெப்னிக் குழியையும் பாருங்கள். பிரேக் லைட்டைச் சோதிக்கத் துணைக்கு ஆள் இல்லை என்றால், இருட்டிய பிறகு காரின் பின்பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தி பிரேக்கை மிதியுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு சிவப்பு சுவரில் விழுவது கண்ணாடியிலேயே தெரியும்.