ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியின் வரலாறு (நூல்)

அமெரிக்க இதழாளர் ஐடா டார்பெல் (1857–1944) எழுதிய இந்நூல் 1904இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு முன், 1902 நவம்பர் முதல், மெக்ளூர்ஸ் இதழில் தொடராக வந்தது. ஜான் டி. ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனம் போட்டியாளர்களை ஒழித்துக்கட்டிய விதத்தை நீதிமன்றச் சாட்சியங்கள், அரசு விசாரணைப் பதிவுகள், ஒப்பந்தப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டு இது விவரிக்கிறது. வணிகப் போட்டியின் வரலாற்றைப் படிக்க விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம்.

நூலின் உயிர்நாடி 1872ஆம் ஆண்டு நிகழ்வுகள். சவுத் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி என்ற பெயரில் ராக்ஃபெல்லர் உள்ளிட்ட சில சுத்திகரிப்பு முதலாளிகள் ரயில் நிறுவனங்களோடு இரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டனர். பென்சில்வேனியா எண்ணெய் வயல்களிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் அனுப்ப வெளிப்படையான கட்டணம் 2.56 டாலர். கூட்டணியினருக்கு அதில் 1.06 டாலர் கழிவு. வெளியார் அனுப்பும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர்கள் கட்டிய பணத்திலிருந்து அதே 1.06 டாலர் கூட்டணிக்கே போய்ச் சேரும். போட்டியாளரின் சரக்கு நகர நகர எதிராளியின் கல்லா நிறையும் ஏற்பாடு இது. செய்தி கசிந்ததும் எண்ணெய் எடுப்போர் கொதித்தெழுந்தனர். ஒப்பந்தம் நடைமுறைக்கு வராமலே ரத்தானது. ஆனால் அந்தச் சில வாரங்களுக்குள் கிளீவ்லாந்தின் 26 போட்டி ஆலைகளில் 22ஐ ராக்ஃபெல்லர் வாங்கிவிட்டார்.

உளவு பற்றிய பகுதியும் ஊன்றிப் படிக்கத்தக்கது. ஸ்டாண்டர்ட் அலுவலகம் ஒன்றில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை ஒரு பையனிடம் இருந்தது. அவற்றில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரை அவன் கண்டான். அவர் தனித்துத் தொழில் நடத்திய சுத்திகரிப்பாளர். அவர் அனுப்பிய சரக்குகளின் விவரம் ரயில்வே ஊழியர்கள் வழியாக ஸ்டாண்டர்டுக்குப் போயிருந்தது. அந்தக் காகிதங்கள் டார்பெல் கைக்கு வந்தன. அவர் இதை அச்சேற்றியதும், அதுவரை அவரைச் சந்தித்துப் பேசிவந்த ஸ்டாண்டர்ட் இயக்குநர் ஹென்றி ரோஜர்ஸ் சினந்து உறவை முறித்துக்கொண்டார்.

நூலாசிரியர் நடுநிலையாளர் அல்லர். அவருடைய தந்தை அதே வட்டாரத்தில் எண்ணெய்த் தொழில் செய்து நொடித்தவர். தம்பி போட்டி நிறுவனமான பியூர் ஆயிலில் பணியாற்றியவர். ஆயினும் ஸ்டாண்டர்டின் திறமையை, சிக்கனத்தை, நிர்வாக நுட்பத்தைப் பாராட்ட ஓர் அத்தியாயம் முழுவதையும் ஒதுக்கியிருக்கிறார். திறமையால் பெற்ற வெற்றியையும் இரகசியச் சலுகையால் பெற்ற வெற்றியையும் பிரித்துப் பார்த்ததே நூலின் பெரும்பலம்.

1911இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் சட்டப்படி ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 நிறுவனங்களாகப் பிரித்தது. அதற்கான பொதுமக்கள் கருத்தை உருவாக்கியதில் இந்நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிற்காலத்தில் மறுப்புகளும் எழுந்தன. நட்ட விலைக்கு விற்றுப் போட்டியாளரை வீழ்த்தியதாகச் சொல்வதற்கு வழக்குப் பதிவுகளில் போதிய சான்று இல்லை என்று பொருளியலாளர் ஜான் மெகீ 1958இல் வாதிட்டார். ராக்ஃபெல்லர் தரப்பு ஆவணங்களையும் ஆராய்ந்து ரான் செர்னோ எழுதிய 'டைட்டன்' (1998) நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டார்பெல்லைப் படிப்பது நல்லது.