காயம் காணாத நோவு: ஒரு நோய் தன் பெயரைப் பெற்ற வரலாறு

“உடம்பெல்லாம் உளைகிறது” என்று எம் வீட்டுப் பெண்கள் சொல்லக் கேளாதவர் எம்மிடையே இல்லை. கழுத்திலே தொடங்கித் தோளுக்கு இறங்கி, இடுப்பைப் பற்றி, முழங்கால்வரை செல்லும் நோவு. இரவெல்லாம் படுத்திருந்தும் உறங்காதவர் போன்ற களைப்பு. சொல்ல வந்த சொல்லே மறந்துபோகும் மந்தம். குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவார். எக்ஸ்றே படம் எடுப்பிப்பார். சில நாட்களில் “எல்லாம் சரியாகவே இருக்கிறது” என்ற பதில் வரும். அந்தப் பதிலோடு வீடு திரும்பும் பெண்ணின் நோவு குறைவதில்லை. வீட்டாரும் தன் சொல்லை நம்பாமற் போவார்களோ என்ற அச்சம் அதனோடு சேர்ந்துகொள்கிறது.

இத்தகைய நோவுக்கு மேலை மருத்துவம் இன்று வழங்கும் பெயர்களுள் ஒன்று பைப்ரோமயல்ஜியா. உடல்நோவு யாவும் இதுவன்று. தைரொயிட் குறைபாடு, இரத்தச்சோகை, விற்றமின் டி பற்றாக்குறை, மூட்டுவாதம் முதலியனவும் இதே முறைப்பாட்டைத் தரக்கூடும். ஆதலால் பரிசோதனைகள் வீண் அல்ல. ஆனால் அவை யாவும் சரியாக இருந்த பின்னரும் நோவு உண்மையாகவே இருக்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றது.

பாரிஸ் நகரின் வைத்தியர் பிரான்சுவா வலே 1841ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலேயே, உடலின் சில இடங்களை விரலால் அழுத்தும்போது நோயாளர் கூடுதலாக நோவுறுவதைப் பதிவுசெய்திருந்தார். எனினும் இந்த உபாதைக்குத் தனிப்பெயர் ஒன்று கிடைத்தது 1904இலே தான். லண்டனின் புகழ்பெற்ற நரம்பியல் வைத்தியர் சேர் வில்லியம் கவர்ஸ், இடுப்பு நோவு பற்றி ஆற்றிய விரிவுரையில் ‘பைப்ரோசைற்றிஸ்’ என்ற சொல்லைப் புதிதாக வழங்கினார். தசைநார்களின் அழற்சி என்பது அதன் பொருள். அதே ஆண்டில் கிளாஸ்கோவைச் சேர்ந்த றால்ஃப் ஸ்ரொக்மன், நோயாளரின் தசையிலிருந்து வெட்டியெடுத்த சிறு முடிச்சுக்களில் அழற்சியைக் கண்டதாக எழுதினார். பெயரும் கிடைத்தது, சான்றும் கிடைத்தது என்று பலர் நிறைவடைந்தனர்.

ஆனால் பின்வந்தோர் நுணுக்குக்காட்டியில் தேடியபோது அந்த அழற்சி அகப்படவில்லை. பெயரோ ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் நிலைத்தது. தவறான பெயரால் விளைந்த தீங்கு சிறிதன்று. அழற்சி இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த வைத்தியர்கள், அது இல்லாதபோது தம் கோட்பாட்டை ஐயுறவில்லை, நோயாளரை ஐயுற்றனர். இரண்டாம் உலகப் போரின்போது இந்த ஐயத்துக்குப் பெயரே வைக்கப்பட்டது. உடல்நோவோடு இராணுவ வைத்தியசாலைகளுக்கு வந்த போர்வீரர் பலரிடம் எக்குறையும் காணப்படாமையால், அவர்களது உபாதை ‘மனத்திலிருந்து எழும் வாதம்’ எனப்பட்டது. அகதி விசாரணையிலே “அடித்த தழும்பு எங்கே?” என்று கேட்கப்பட்டவர்களுக்கு இந்த வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

இதற்கிடையே, 1938இல் லண்டனில் ஜோனாஸ் கெல்கிரன் என்ற இளம் வைத்தியர் எளிய பரிசோதனை ஒன்றைச் செய்தார். செறிந்த உப்புநீரைத் தசைகளுள் ஊசியால் ஏற்றியபோது, குத்திய இடத்தில் மட்டுமன்றித் தொலைவிலுள்ள வேறிடத்திலும் நோவு தோன்றியது. நோவு உணரப்படும் இடமும் அதன் காரணம் இருக்கும் இடமும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பது இதனால் தெரிந்தது.

அடுத்த பெருந்திருப்பம், பின்னாளில் எம்மவர் பெருந்தொகையாகக் குடியேறிய ரொறன்ரோ நகரில் நிகழ்ந்தது. அங்கே ஹார்வி மொல்டொஃப்ஸ்கி, ஹியூ ஸ்மைத் ஆகியோரும் அவர்தம் குழுவினரும் நோயாளர் உறங்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தனர். விழித்திருப்போரிடம் காணப்படும் அலைகள் ஆழ்ந்த உறக்கத்தினுள் ஊடுருவி நிற்பதைக் கண்டனர். பின்னர் நோயற்ற தொண்டர்களை அழைத்து, அவர்கள் ஆழ்ந்து உறங்கத் தொடங்கும்போதெல்லாம் ஒலியெழுப்பி அவ்வுறக்கத்தைக் கலைத்தனர். சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைநோவும் களைப்பும் ஏற்பட்டன. 1975இல் வெளியான இந்த ஆய்வு, நோயை வெட்டியெடுத்த தசையிலன்றி உறக்கத்திலும் நரம்புத் தொகுதியிலும் தேடும்படி வழிகாட்டியது. அந்த அலை எல்லா நோயாளரிடமும் காணப்படுவதில்லை என்று பின்னைய ஆய்வுகள் காட்டியபோதிலும், உறக்கக் கேடு நோவைக் கூட்டும் என்பது நிலைபெற்றுவிட்டது. பகலில் தொழிற்சாலை, இரவில் துப்புரவுப் பணி என்று இரண்டு வேலை பார்த்த எம்மவர் இதனை ஆய்வின்றியே அறிவர்.

1976இல் அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச் பழைய பெயரை நீக்கி ‘பைப்ரோமயல்ஜியா’ என்ற சொல்லை முன்வைத்தார். நார்த்திசுவிலும் தசையிலும் நோவு என்பது அதன் பொருள். அழற்சி என்ற பேச்சே அதில் இல்லை. இதிலே ஒரு வியப்பு உண்டு. அவரது தந்தையான மூத்த பிலிப் ஹென்ச், மூட்டுவாத அழற்சியைக் கோர்ற்றிசோன் தணிப்பதைக் காட்டி 1950இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். தந்தையின் அருமருந்தினால் பயன்பெறாத ஒரு நோய்க்கு மகன் பெயர் வைத்தார்.

1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி, பிரடெறிக் வுல்ஃப் தலைமையிலான குழுவின் வரையறையை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்குக் குறையாமல் உடலின் இருபுறமும் இடுப்புக்கு மேலும் கீழும் நோவு இருத்தல் வேண்டும். குறித்த 18 இடங்களை ஏறத்தாழ 4 கிலோ விசையுடன், அதாவது வைத்தியரின் பெருவிரல் நகம் வெளுக்குமளவுக்கு, அழுத்தும்போது 11 இடங்களிலாவது நோதல் வேண்டும். 1995இல் வெளியான அமெரிக்காவின் விச்சிற்றா நகர ஆய்வொன்று, பெண்களில் 3.4 வீதத்தினரும் ஆண்களில் 0.5 வீதத்தினரும் இதனால் வருந்துவதாகக் கணித்தது. ஆண்களிடம் இந்நோயைத் தேடுவோர் குறைவு என்பதும் இவ்விடத்திற் கருதத்தக்கது.

2002இல் றிச்சர்ட் கிறேஸ்லி குழுவினர் வெளியிட்ட ஆய்வே பலரது ஐயத்தை அசைத்தது. நோயாளரின் பெருவிரல் நகத்தை அழுத்தியபடி அவர்களது மூளையைக் காந்தப்புலக் கருவியால் படமெடுத்தனர். நோயற்றவருக்கு நோவு தரும் அழுத்தத்தில் ஏறத்தாழப் பாதியே இவர்களுக்கு அதேயளவு நோவைத் தந்தது. மூளையில் நோவை உணரும் பகுதிகளும் அதற்கேற்ப இயங்கின. வானொலிப் பெட்டியின் ஒலியை எவரோ உயர்த்தி வைத்துவிட்டுப் போனது போன்ற நிலை இது.

சர்ச்சை இதனோடு அடங்கவில்லை. 1990இன் வரையறையை ஆக்கிய வுல்ஃப் அவர்களே பின்னாளில் இதனைத் தனியொரு நோய் என்று கொள்வதை மறுத்துப் பேசினார். மறுபுறம், 2021இல் லிவர்பூல், லண்டன் ஆய்வாளர்கள் நோயாளரின் இரத்தத்திலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகளை எலிகளுக்கு ஏற்றியபோது, அவை அழுத்தத்துக்கும் குளிருக்கும் கூடுதலாக நோவுற்றன. எலிக்கு மனக்கவலை என்று எவரும் சொல்லமுடியாது. போரையும் சித்திரவதையையும் கடந்தவர்களிடம் நெடுநாள் உடல்நோவு மிகுந்து காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அதனைக் கொண்டு ‘எல்லாம் உன் மனம்’ என்று முடிவுகட்டுவது பழைய தவறுக்கே திரும்புவதாகும்.

2010இல் வந்த புதிய வரையறை, 18 இடங்களை அழுத்திப் பார்க்கும் முறையைக் கைவிட்டது. எங்கெங்கே நோகிறது, உறக்கம் எப்படி, களைப்பு எவ்வளவு, நினைவு எப்படி என்று நோயாளரையே கேட்டறியும் முறை வந்தது. நோயாளரின் சொல்லே இப்போது முதற்சான்று. எம்மவருக்கு இங்கேதான் இடர் எழுகிறது. வயதான பெண்மணி ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக நான் சென்றிருந்தபோது, அவர் உளைவு, கடுப்பு, எரிவு, குத்து என்று நான்கு வகை சொன்னார். நான் நான்கையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் உண்டு. பாடசாலைப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லும் குடும்பங்கள், பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறுவது நல்லது.

இதனை முற்றாகத் தீர்க்கும் குளிசை இல்லை. இரவில் சிறிதளவு அமிற்றிப்ரிலின் சிலருக்கு உறக்கமும் ஆறுதலும் தருகிறது. 2007 முதல் 2009 வரையில் அமெரிக்கா மூன்று மருந்துகளை இந்நோய்க்கென அங்கீகரித்தது. ஐரோப்பிய மருந்து முகமை அதே மூன்றையும் இந்நோய்க்கு ஏற்க மறுத்தது. மோர்பின் இனத்து வலிய மருந்துகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. 2016இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டலில் உறுதியான பரிந்துரையைப் பெற்றது உடற்பயிற்சி ஒன்றே. அதனை மிகச் சிறிதாகத் தொடங்கவேண்டும். முதல் வாரங்களில் நோவு கூடுவதுபோலத் தோன்றினும், அளவைக் குறைத்தேனும் தொடரவேண்டும். பனிக்காலத்தில் வெளியே நடக்க இயலாதெனில், எம் முதியோர் சிலர் செய்வதுபோலக் கடைத்தொகுதியின் உள்ளே, கடைகள் திறப்பதற்கு முன்னர், பத்து நிமிடம் நடந்து தொடங்கலாம்.